உஷார்! கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போடும் முன்...

50,000 யூரோ. இன்றைய மாற்று மதிப்பில் அரைக் கோடி ரூபாயை ஒட்டி வரும். ஜெர்மனியில் எசன் நகரம் அடங்கிய நோர்ட்ரைன்-வெஸ்ட்ஃபாலன் மாநிலத்தின் உயர்கல்விச் சட்டம், 63-ஆவது பிரிவில், இந்தத் தொகையைச் சொல்லி வைத்திருக்கிறது. பல்கலைக்கழகத் தேர்விலோ ஆய்வேட்டிலோ தெரிந்தே ஏமாற்றியவர் மீது இந்த உச்சவரம்பு வரைக்கும் அபராதம் போடலாம். ஏமாற்று மறுபடி மறுபடி நடந்திருந்தாலோ கடுமையானதாக இருந்தாலோ, பல்கலையின் மாணவர் பட்டியலிலிருந்தே பெயரை அடிக்கலாம்.

‘என் பிள்ளை பிட் அடிக்கிற பிள்ளை இல்லை’ என்று பக்கத்தைப் புரட்டப் போகும் அம்மா அப்பாக்களுக்குத்தான் இந்தக் கட்டுரை. பிட் அடிக்கிறவனுக்குத் தான் செய்வது தப்பு என்று தெரியும்; பயந்து பயந்துதான் செய்வான். மேற்கோள் காட்டத் தெரியாத பிள்ளையின் கதை வேறு. இரவு பகலாக உட்கார்ந்து, கட்டுக்கட்டாகக் கட்டுரைகள் படித்து, நன்றாகவே எழுதி முடித்துவிட்டோம் என்ற திருப்தியோடு போய் மாட்டிக்கொள்ளும். பல்கலையிலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்த பிறகும் ‘நான் என்ன தப்பு செய்தேன்?’ என்றுதான் கேட்கும். அந்தக் கேள்வி உண்மையானது என்பதுதான் வேதனை.

முதலில் அந்தக் கடைசிப் பக்கத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியில் ஹவுஸார்பைட் எனப்படும் பருவக் கட்டுரையானாலும், இளநிலை, முதுநிலை ஆய்வேடானாலும், கடைசியில் ஓர் உறுதிமொழி இருக்கும். இதை நானே எழுதினேன், குறிப்பிட்ட ஆதாரங்களைத் தவிர வேறு எதையும் பயன்படுத்தவில்லை, பிறர் எழுத்திலிருந்து அப்படியே எடுத்ததையும் கருத்தாக எடுத்ததையும் அங்கங்கே அடையாளம் காட்டியிருக்கிறேன் என்கிற பொருளில் நான்கைந்து வரி. நம் ஊர் ‘போனஃபைடு சர்டிஃபிகேட்’ மாதிரி ஒரு சம்பிரதாயத் தாள் என்று நினைத்து, பைண்டிங் கடை வாசலில் நின்றபடியே கையெழுத்துப் போடுகிறார்கள் நம் பிள்ளைகள். அந்த வரிகளில் சத்தியப் பிரமாணத்துக்கு இணையான வாசகம் இருந்தால், கையெழுத்தின் கனம் மாறிவிடும். இந்த மாநிலத்தில் அப்படிக் கேட்கப் பல்கலைகளுக்குச் சட்டம் இடம் கொடுக்கிறது. பொய்ப் பிரமாணத்துக்கு ஜெர்மன் தண்டனைச் சட்டத்தின் 156-ஆவது பிரிவு மூன்றாண்டு வரை சிறை அல்லது அபராதம் என்கிறது. கவனக்குறைவால் நேர்ந்த பொய்க்கும் 161-ஆவது பிரிவில் ஓராண்டு வரை இருக்கிறது. ஓர் அடிக்குறிப்பு விட்டுப்போனதற்காக யாரும் சிறைக்குப் போகப்போவதில்லை. அப்படிச் சொல்லி உங்களைக் கிலி பிடிக்கவைக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் ‘தெரியாமல் செய்துவிட்டேன்’ என்று பிறகு சொல்வதற்கான வழியை அந்தக் கையெழுத்தே அடைத்துவிடுகிறது.

வழக்கமாக நடப்பது இதைவிடச் சாதாரணமானது. கட்டுரைக்கு 5.0 மதிப்பெண் விழும். ஜெர்மன் கணக்கில் 1.0 தான் உச்சம், 4.0 தேர்ச்சியின் விளிம்பு; 5.0 என்றால் தோல்வி. ஆய்வேட்டுக்குப் பெரும்பாலும் இன்னும் ஒரே ஒரு வாய்ப்புதான் மிஞ்சும். அதுவும் போனால், அதே பாடத்தை ஜெர்மனியின் இன்னொரு பல்கலையில் போய்த் தொடர்வதும் அநேகமாக முடியாமல் போகும். மாணவர் விசாவில் இருப்பவருக்கு, பெயர் நீக்கப்பட்டால் தங்கும் அனுமதியின் அடிப்படையே ஆட்டம் காணும். ஊரில் வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்துவிட்டுக் காத்திருக்கும் குடும்பத்துக்கு, இந்த 5.0 எவ்வளவு பெரிய எண் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

2023-24 கல்வியாண்டில் ஜெர்மனியில் படித்த இந்திய மாணவர்கள் ஏறக்குறைய 49 ஆயிரம் பேர். வெளிநாட்டு மாணவர்களில் நம்மவர்களே பெரிய கூட்டம். இங்கே வர அவர்கள் என்னவெல்லாம் காட்டுகிறார்கள்! 2022 நவம்பரிலிருந்து ஏ.பி.எஸ். சான்றிதழ் கட்டாயம்; மதிப்பெண் பட்டியல்கள் ஒவ்வொன்றாகச் சரிபார்க்கப்படும். செலவுக்குப் பணம் இருக்கிறது என்று காட்ட, முடக்கக் கணக்கில் 11,904 யூரோ கட்ட வேண்டும். ஆங்கிலத் தேர்வு, ஜெர்மன் தேர்வு, மருத்துவக் காப்பீடு. இத்தனை வாசல்களில் ஒன்றில்கூட ‘அடிக்குறிப்பு எழுதத் தெரியுமா?’ என்று யாரும் கேட்பதில்லை. தெரிந்திருக்கும் என்று இங்கே பேராசிரியர் நினைக்கிறார்; இங்கே சொல்லித் தருவார்கள் என்று அங்கே கல்லூரி நினைக்கிறது. நடுவில் விழுவது பிள்ளை.

இனி, நான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததற்குக் காரணமான ஒரு பத்து சதவீதக் கணக்குக்கு வருகிறேன்.

இந்தியாவில் பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் கருத்துத் திருட்டுத் தடுப்பு விதிமுறைகளைக் கொண்டுவந்தது. ஆய்வேட்டில் பிற நூல்களோடு ஒப்புமை 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை. 10-க்கு மேல் 40 வரை போனால் ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். 40-க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டுத் தடை. 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. நல்ல நோக்கத்தோடு வந்த விதிதான். ஆனால் கல்லூரி வாசலைத் தாண்டி மாணவர் காதில் விழும்போது அது ‘பத்து பர்சென்ட் வரை காப்பி அடிக்கலாம்’ என்றாகிவிட்டது. விதியைப் படித்தவர்களுக்குத் தெரியும்: மேற்கோள் குறியிட்டு ஆதாரம் சொன்ன பகுதி, துணைநூற்பட்டியல், பொதுவான சொற்றொடர்கள் எல்லாவற்றையும் கழித்துவிட்டுத்தான் அந்தக் கணக்கு. தற்செயலாக மிஞ்சும் உரசலுக்கு விட்ட இடம் அது. அதைச் சலுகையாக எண்ணிக்கொண்டு, மென்பொருளில் 9 சதவீதம் வரும்வரை சொற்களை மாற்றி மாற்றிப் போட்டு, ‘ப்ளேஜியரிசம் ரிமூவல்’ என்று காசு வாங்கிக்கொண்டு செய்து தரும் கடைகள் வரைக்கும் வந்துவிட்டோம்.

அந்தக் கணக்கோடு எசனில் இறங்கும் மாணவருக்கு முதல் அடி இங்கேதான். ஜெர்மன் பேராசிரியர் சதவீதம் பார்த்துத் தீர்ப்பெழுதுபவர் அல்லர். எண்பது பக்க ஆய்வேட்டில் ஒரே ஒரு பத்தி, ஆதாரம் இல்லாமல், வேறொருவர் வாதத்தை அப்படியே தூக்கி வந்திருந்தால் அவருக்கு அது போதும். மறுபக்கம், மென்பொருள் 25 சதவீதம் என்று சிவப்பாகக் காட்டினாலும், அத்தனையும் முறையாக மேற்கோளிடப்பட்டிருந்தால் திருட்டுப் பேச்சே எழாது. ‘சொந்தமாக எழுதியது குறைவு’ என்று மதிப்பெண் குறையலாம், அவ்வளவுதான். பெர்லினில் கணினி அறிவியல் பேராசிரியையாக இருந்த டெபோரா வேபர்-வுல்ஃப் 2004-லிருந்து இந்த மென்பொருள்களைச் சோதித்து வந்தவர். அவை ஒரே மாதிரி எழுத்துக்கோவைகளைத்தான் கண்டுபிடிக்கும், கருத்துத் திருட்டைக் கண்டுபிடிக்காது, அதற்கு மனிதர்தான் படித்துப் பார்க்க வேண்டும் என்பது அவர் தொடர்ந்து சொல்லிவரும் முடிவு. எனவே மென்பொருள் அறிக்கை சுத்தமாக வந்துவிட்டது என்று நிம்மதியாகத் தூங்காதீர்கள்.

இந்தப் பழக்கத்தின் வேர் நம் வகுப்பறையில் இருக்கிறது. புத்தகத்தில் உள்ளபடியே வரி பிசகாமல் எழுதினால் முழு மதிப்பெண், சொந்த வாக்கியத்தில் எழுதினால் அரை மதிப்பெண் குறைவு என்று பன்னிரண்டு வருடம் பழக்கிவிட்டு, பதின்மூன்றாம் வருடம் ‘ஏன் காப்பி அடித்தாய்?’ என்று கேட்கிறோம். கல்லூரியில் சீனியர் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து ஜூனியர் எழுதுவது பரம்பரை உரிமை. கடைசி வருட ப்ராஜெக்டை விலைக்குச் செய்து தர, எல்லாப் பெரிய ஊரிலும் ‘ப்ராஜெக்ட் சென்டர்’ பலகை தொங்குகிறது. இதில் வளர்ந்த பிள்ளையை நேர்மையற்றவன் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவனுக்குச் சொல்லித் தரப்பட்ட நேர்மை வேறு.

ஜெர்மானியர்களுக்கு ஏன் இதில் இவ்வளவு கண்டிப்பு என்று கேட்பவர்கள், அவர்கள் செய்தித்தாளைப் பத்துப் பதினைந்து வருடம் பின்னோக்கிப் புரட்ட வேண்டும். 2011 பிப்ரவரியில் பாதுகாப்பு அமைச்சராக இருந்தவர் கார்ல்-தியோடோர் சூ குட்டன்பெர்க். அடுத்த சான்சலர் என்று பேசப்பட்டவர். அவருடைய முனைவர் பட்ட ஆய்வேட்டைப் பிரேமன் நகரச் சட்டப் பேராசிரியர் ஒருவர் மதிப்புரை எழுதுவதற்காகப் படித்தபோது, எங்கோ படித்த வரிகளாகத் தட்டுப்பட்டன. ஆய்வேட்டின் முன்னுரைத் தொடக்கமே ஒரு நாளிதழ்க் கட்டுரையிலிருந்து வந்திருந்தது. பிறகு இணையத்தில் பெயர் தெரியாத தன்னார்வலர்கள் கூடி வரிவரியாகத் தேடினார்கள். ஆய்வேட்டின் 393 பக்கங்களில் 371-இல் பிறர் எழுத்து இருப்பதாகப் பட்டியலிட்டார்கள். பைரோய்ட் பல்கலை பட்டத்தைப் பறித்தது. மார்ச் 1-ஆம் தேதி அமைச்சர் பதவி விலகினார்.

அப்போது கல்வி அமைச்சராக இருந்தவர் அன்னெட்டே ஷாவான். குட்டன்பெர்க் விஷயத்தில் வெட்கப்படுகிறேன், அதுவும் மனசுக்குள் மட்டுமல்ல என்று பேட்டி கொடுத்தவர். இரண்டே வருடத்தில் அவர் முறை வந்தது. எசனிலிருந்து ரயிலில் அரை மணி நேரத்தில் போய்விடக்கூடிய டுசல்டோர்ஃப் பல்கலை, அவர் 1980-இல் கொடுத்த ஆய்வேட்டைப் புரட்டி, 2013 பிப்ரவரியில் பட்டத்தைத் திரும்பப் பெற்றது. முப்பத்துமூன்று வருடம் கழித்து! அவர் வேறு பட்டம் வாங்காமல் நேரடியாக முனைவர் பட்டத்துக்கே போனவர் என்பதால், கையில் ஒரு பல்கலைப் பட்டமும் மிஞ்சவில்லை. வழக்குப் போட்டார், 2014 மார்ச்சில் நிர்வாக நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2021-இல், குடும்பநல அமைச்சராக இருந்த ஃப்ரான்சிஸ்கா கிஃபாய் பட்டத்தையும் பெர்லின் சுதந்திரப் பல்கலை பறித்தது. ஷாவான் பிறகு வாட்டிகனுக்குத் தூதரானார், கிஃபாய் பெர்லின் மேயரானார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பெரிய இடத்தில் இருந்து விழுபவர்களுக்குக் கீழே ஒரு மெத்தை கிடைத்துவிடுகிறது. விசாவில் இருக்கிற தமிழ்ப் பிள்ளைக்கு யார் தூதர் பதவி தரப்போகிறார்கள்?

எசனுக்கென்றே ஒரு கதை உண்டு. அது மேற்கோள் விவகாரம் இல்லை, ஆனாலும் பக்கத்து வீடு. 2005-லிருந்து இந்த ஊரிலிருந்து நாடாளுமன்றம் போய்வந்த பேட்ரா ஹின்ட்ஸ், பள்ளி இறுதித் தேர்வும் சட்டப் படிப்பும் முடித்ததாகத் தன் வாழ்க்கைக் குறிப்பில் எழுதி வைத்திருந்தார். இரண்டும் இல்லை என்பது 2016 ஜூலையில் வெளிவந்தது, பதவி போயிற்று. படிப்பு விஷயத்தில் இல்லாததை இருப்பதாகக் காட்டுவதை இந்த ஊர் எப்படிப் பார்க்கும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

சரி, நம் பிள்ளைகள் எங்கே வழுக்குகிறார்கள்? முழுப் பக்கத்தை வெட்டி ஒட்டுகிறவர்கள் குறைவு. வழுக்கல் நுணுக்கமான இடங்களில் நடக்கிறது, அதனால்தான் கண்ணுக்குத் தெரிவதில்லை.

முதலாவதை ஜெர்மானியர்கள் ‘பவர்ன்ஓப்ஃபர்’ என்கிறார்கள். சதுரங்கத்தில் சிப்பாயைப் பலி கொடுத்து ஆதாயம் தேடுகிற ஆட்டத்தின் பெயர். ஒரு நூலிலிருந்து இரண்டு பக்கம் எடுத்தாள்கிறீர்கள். அதில் ஒரு வாக்கியத்துக்கு மட்டும் அடிக்குறிப்புப் போடுகிறீர்கள். படிக்கிறவர், அந்த ஒரு வாக்கியம்தான் கடன், மற்றதெல்லாம் உங்கள் சொந்தச் சிந்தனை என்று நினைத்துக்கொள்கிறார். ‘ரெஃபரன்ஸ் கொடுத்திருக்கிறேனே!’ என்று மாணவர் அழாத குறையாகச் சொல்வார். கொடுத்தது உண்மைதான், கடன் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று சொல்லவில்லையே! பத்தியின் கடைசியில் ஒரே ஓர் அடைப்புக்குறி போட்டுவிட்டு முழுப் பத்தியையும் அதன் தலையில் கட்டுவது நம் மாணவர்களிடம் மிகப் பரவலாக இருக்கிற பழக்கம். இதைத் திருத்த ஒரே வழி, கடன் தொடங்கும் வாக்கியத்திலேயே ஆசிரியர் பெயரைச் சொல்லிவிடுவது. இன்னார் இப்படிச் சொல்கிறார், மேலும் அவர் இப்படி வாதிடுகிறார் என்று எழுதிக்கொண்டே போய், உங்கள் கருத்து வருமிடத்தில் அதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டுவது.

அடுத்தது மொழிபெயர்ப்புத் திருட்டு. ஆங்கிலக் கட்டுரையைக் கணினி மொழிபெயர்ப்பில் போட்டு ஜெர்மனாக்கி ஒட்டுவது, அல்லது தமிழில் வந்த ஓர் ஆய்வை ஆங்கிலமாக்கி எழுதுவது. வாக்கியம் என்னுடையது, மொழி வேறு, மென்பொருளுக்கும் தெரியாது என்ற தைரியம். ஷாவானின் ஆய்வேட்டில் 33 வருடம் கழித்துத் தேட முடிந்தவர்களுக்கு இது எம்மாத்திரம்? ஆங்கில மூலத்தைப் படித்திருக்கிற பேராசிரியருக்கு ஜெர்மனில் இரண்டு வரி படித்தாலே பொறி தட்டும்.

மூன்றாவது குருட்டு மேற்கோள். சமூகவியலாளர் மாக்ஸ் வேபர் சொன்னதை இன்னொருவர் நூலில் படித்துவிட்டு, வேபரின் மூலநூலையே படித்த மாதிரி பக்க எண்ணோடு அடிக்குறிப்புப் போடுவது. இடையில் இருப்பவர் பக்க எண்ணைத் தவறாகக் கொடுத்திருந்தால் அந்தத் தவறும் சேர்ந்து வந்துவிடும். மாட்டிக்கொடுப்பது பெரும்பாலும் அதுதான்.

சின்ன விஷயங்களும் உண்டு. ஜெர்மன் கட்டுரைகளில், அப்படியே எடுக்காமல் கருத்தை மட்டும் எடுத்தால் அடிக்குறிப்பை ‘ஃபெர்க்லைஹ’ என்பதன் சுருக்கத்தோடு தொடங்கும் வழக்கம் பல துறைகளில் இருக்கிறது. சொல்லுக்குச் சொல் எடுத்த இடத்தில் அதைப் போட்டால், மேற்கோள் குறியில்லாமல் நகலெடுத்ததை மறைக்கப் பார்த்த மாதிரி ஆகிவிடும். ‘மேற்படி’ என்ற பொருளில் வரும் சுருக்கக் குறி அதைவிட ஆபத்து: நடுவில் புதிதாக ஓர் அடிக்குறிப்பைச் செருகினால், கீழே உள்ள ‘மேற்படி’ எல்லாம் வேறு ஆசிரியரைக் காட்ட ஆரம்பித்துவிடும். எழுதி முடிக்கும்வரை அதைப் பயன்படுத்தவே கூடாது என்பது என் கட்சி. பொறியியலில் சதுர அடைப்புக்குள் எண், உளவியலில் பெயரும் ஆண்டும், சட்டத்தில் அடிக்குறிப்பு என்று துறைக்குத் துறை முறை மாறும். எது என்று துறையின் வழிகாட்டுத் தாளில் இருக்கும். அதை வாங்கிப் படிப்பது அரை மணி நேர வேலை.

வாட்ஸ்அப் குழுக்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆய்வகப் பயிற்சிகளின் பழைய அறிக்கைகள் அங்கே வருடக்கணக்காகச் சுற்றுகின்றன. ஜெர்மன் மாணவர்களும் வைத்துக்கொள்கிறார்கள்தான். எப்படி எழுதுவது என்று பார்க்க உதவும். ஆனால் சீனியரின் அளவீட்டு எண்களையும் முடிவுரையையும் அப்படியே எடுத்துக் கொடுத்தால், எடுத்தவர், கொடுத்தவர் இருவர் மீதும் விசாரணை வரலாம். ‘அண்ணா, உங்க ரிப்போர்ட்ட ஒரு தடவ அனுப்புங்களேன்’ என்று கேட்கிற தம்பிக்கு மறுக்க மனம் வராது நம்மவர்களுக்கு. அனுப்பாதீர்கள். உட்கார்ந்து சொல்லிக் கொடுங்கள். ஒரே கட்டுரையை இரண்டு பாடங்களுக்குக் கொடுப்பதும் ஏமாற்றுதான், அது உங்கள் சொந்தக் கட்டுரையாகவே இருந்தாலும்.

எல்லாவற்றையும் மிஞ்சி இப்போது வந்திருப்பது செயற்கை நுண்ணறிவு. சாட்ஜிபிடியிடம் ஆதாரம் கேட்டால், உண்மையான ஆசிரியர் பெயர், உண்மையான ஆய்விதழ், நம்பும்படியான ஆண்டு, பக்க எண் எல்லாம் வைத்து, உலகத்தில் இல்லாத ஒரு கட்டுரையைக் கொடுத்துவிடும். 2023-இல் நியூயார்க்கில் ஒரு விமான நிறுவன வழக்கில், இப்படிப் பிறந்த இல்லாத தீர்ப்புகளை மேற்கோள் காட்டிய வழக்கறிஞர்களுக்கு நீதிபதி 5,000 டாலர் அபராதம் போட்டார். சட்டம் படித்தவர்களே ஏமாந்த இடம் இது. அதே ஆண்டு நவம்பரில் மியூனிக் நிர்வாக நீதிமன்றத்துக்கு வந்த வழக்கு நமக்கு இன்னும் நெருக்கம். மியூனிக் தொழில்நுட்பப் பல்கலையில் முதுநிலைப் படிப்புக்கு விண்ணப்பித்தவரின் கட்டுரையைச் செயற்கை நுண்ணறிவு எழுதியது என்று பல்கலை நிராகரித்தது. நீதிமன்றமும் பல்கலை பக்கமே நின்றது. சேர்க்கைக்கு முன்பே, விண்ணப்பத்திலேயே! சென்னையில் கன்சல்டன்சிக்காரர் எழுதிக் கொடுக்கும் ‘மோட்டிவேஷன் லெட்டர்’ ஒரே அச்சில் நூறு பேருக்குப் போகிறது என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

எசனிலும் சுற்றுவட்டாரத்திலும் இரண்டு தலைமுறையாக வாழும் ஈழத்தமிழ்க் குடும்பங்கள், இது ஊரிலிருந்து வரும் பிள்ளைகளின் தொல்லை என்று நினைத்துவிடக் கூடாது. இந்த மாநிலத்து கிம்னாசியம் பள்ளிகளில் மேல்வகுப்பு மாணவர்கள் ஓர் எழுத்துத் தேர்வுக்குப் பதிலாக ‘ஃபாஹார்பைட்’ என்ற எட்டு முதல் பன்னிரண்டு பக்கக் கட்டுரை எழுதுவது நீண்டகால வழக்கம். அடிக்குறிப்பு, துணைநூற்பட்டியல், கடைசியில் உறுதிமொழிக் கையெழுத்து எல்லாம் அதிலேயே உண்டு. பதினாறு பதினேழு வயதில் முதல் கையெழுத்து. ஜெர்மன் வீட்டில் அப்பாவோ அம்மாவோ பல்கலை போனவராக இருந்தால், சாப்பாட்டு மேசையில் வைத்து ‘இந்த வரி எங்கிருந்து எடுத்தாய்?’ என்று கேட்டுவிடுவார். இரண்டு வேலை பார்த்துப் பிள்ளையை ஆளாக்குகிற நம் வீட்டில் அதைக் கேட்க ஆள் இருப்பதில்லை. அந்த வேலையை வார இறுதித் தமிழ்ப் பள்ளிகள் எடுத்துக்கொள்ளலாம் என்பது என் யோசனை. தமிழ்ப் பள்ளிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்பவர்களுக்கு: தொல்காப்பியர் தமக்கு முன்னிருந்த புலவர்கள் சொன்னது இது என்று நூல் நெடுகச் சொல்லிக்கொண்டே போகிறார். உ.வே.சாமிநாதையர், உரைகளில் வரும் மேற்கோள்கள் எந்த நூலைச் சேர்ந்தவை என்று தேடித்தேடிக் குறித்தார்; எந்த நூல் என்று பிடிபடாதவற்றையும் மறைக்காமல் தனியே பட்டியலிட்டுக் காட்டினார். நம்மிடம் இல்லாத பண்பையா பிள்ளைகளுக்கு இறக்குமதி செய்யச் சொல்கிறேன்?

சொல்லிக் கொடுக்கிற முறையில்தான் எல்லாம் இருக்கிறது. மேற்கோள் வடிவங்களைப் பட்டியலாக எழுதிப் போட்டு, காற்புள்ளி எங்கே, சாய்வெழுத்து எங்கே என்று மனப்பாடம் செய்யவைக்கும் வகுப்புகளால் ஒரு பயனும் இல்லை. அந்த வேலையைச் சோட்டேரோ என்ற இலவச மென்பொருள் பார்த்துக்கொள்ளும். தப்பு நடப்பது எழுதும்போது இல்லை, அதற்கு முன்பு, குறிப்பெடுக்கும்போது. பிடித்த பத்தியைப் பெயரும் பக்கமும் இல்லாமல் ஒரு கோப்பில் ஒட்டி வைத்துக்கொள்கிறார்கள். மூன்று மாதம் கழித்து அந்தக் கோப்பைத் திறந்தால், எது அவர்கள் வாக்கியம், எது பிறர் வாக்கியம் என்று அவர்களுக்கே தெரியாது. அங்கிருந்து பிறப்பதுதான் ‘தெரியாமல் செய்த’ திருட்டு. ஆகவே முதல் நாளே ஒரு பழக்கம்: அப்படியே எடுத்ததை ஒரு நிறத்தில், மேற்கோள் குறியோடு, பக்க எண்ணோடு எழுதுவது, சொந்தமாகத் தோன்றியதை வேறு நிறத்தில் எழுதுவது. சுருக்கி எழுத வேண்டுமானால் புத்தகத்தை மூடிவிட்டு எழுதுவது, பிறகு திறந்து சரிபார்ப்பது. திறந்து வைத்துக்கொண்டு சொல்லுக்குச் சொல் மாற்றினால், எத்தனை சொல் மாற்றினாலும் வாக்கியத்தின் எலும்புக்கூடு மூல ஆசிரியருடையதுதான்.

வகுப்பில் செய்து பார்க்க ஒரு பயிற்சி. ஒரு பத்தியைக் கொடுத்து, அதை மூன்று விதமாக எடுத்தாளச் சொல்லுங்கள்: அப்படியே மேற்கோளாக, கருத்தை மட்டும், மறுத்து வாதிட்டு. மூன்றாவதைச் செய்யத் தெரிந்த பிள்ளை திருடாது. மறுக்க வேண்டுமென்றால் யார் சொன்னது என்று சொல்லியே ஆக வேண்டும். அடுத்தவர் கருத்துக்கு மேல் தனக்கு ஒரு கருத்து இருக்கலாம் என்கிற தைரியம் வராத வரை, அடிக்குறிப்பு வெறும் அலங்காரமாகத்தான் இருக்கும்.

உதவி இல்லாமல் இல்லை. டூயிஸ்பூர்க்-எசன் பல்கலையில் எழுத்துப் பட்டறை இருக்கிறது; ஜெர்மனைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்களும் போய்க் கேட்கலாம். நூலகம் நடத்தும் வகுப்புகள் உண்டு. பேராசிரியரின் சந்திப்பு நேரத்துக்குப் போய் ‘இந்தப் பகுதிக்கு இப்படி ஆதாரம் காட்டியது சரியா?’ என்று கேட்டால் யாரும் குறைவாக நினைக்க மாட்டார்கள். கேட்டால் நம்மை முட்டாள் என்று நினைப்பார்களோ என்ற கூச்சம் நம் பிள்ளைகளிடம் அதிகம். சமர்ப்பிக்கும் முன் கேட்கிற கேள்விக்கு விலை இல்லை.

ஒருவேளை கடிதம் வந்தேவிட்டால்? ஒளித்து வைக்காதீர்கள். முடிவெடுக்கும் முன் உங்கள் தரப்பைக் கேட்பது அவர்கள் கடமை. பதில் சொல்ல ஒரு தேதி கொடுத்திருப்பார்கள். அந்தத் தேதி தாண்டக் கூடாது. நண்பர் சொன்னார் என்று சமாளிப்புக் கதை எழுதி அனுப்பாமல், பல பல்கலைகளில் மாணவர் மன்றம் நடத்தும் சட்ட ஆலோசனைக்கு முதலில் போங்கள். உங்கள் குறிப்புகள், வரைவுகள், தேதியோடு சேமித்த கோப்புகள் எல்லாம் இருந்தால் கொண்டுபோங்கள். வேலை உங்களுடையது என்பதற்கு அவைதான் சாட்சி. முடிவு பாதகமாக வந்தாலும், எத்தனை நாளுக்குள் ஆட்சேபிக்கலாம் என்று கடிதத்தின் அடியில் இருக்கும். பொதுவாக ஒரு மாதம்.

பெற்றோர்களே, உங்களுக்கு ஜெர்மன் தெரிய வேண்டாம், அந்தப் பாடம் புரியவும் வேண்டாம். பிள்ளை அடுத்த கட்டுரையை அனுப்பப் போகும்போது, ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து, ஏதாவது ஒரு வரியில் விரலை வைத்து, ‘இது யார் சொன்னது?’ என்று கேளுங்கள். ‘நான்தான்’ என்றோ ‘இன்னார், இந்த நூல், இந்தப் பக்கம்’ என்றோ உடனே பதில் வந்தால் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். யோசித்தால், அன்றைக்கு அனுப்ப விடாதீர்கள்.